சபையில் சொன்ன சொல்

தங்கசாமி பேசும்போது கையைக் கட்டவும் மாட்டார், ஆட்டவும் மாட்டார். இரண்டு கையும் தொடையோரம் விறைப்பாகத் தொங்கும். சென்னையில் சட்டமன்றத்துக்குள் அவைக் காவலராக நின்று நின்று வந்த பழக்கம். தென்காசி சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போதுகூட அப்படித்தான் நிற்பார். காயைப் பொறுக்குவது அவர் மனைவி அனுசியா. "வீட்டுக்குள்ளயாவது சும்மா நில்லுங்களேன், சபாநாயகரா வந்து பாக்கப் போறாரு?" என்று சொல்லிச் சொல்லி அவள் ஓய்ந்துபோனாள்.

சொந்த ஊர் வடகரை. நெல்லையும் தென்னையையும் வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் போலீசுக்கும் பட்டாளத்துக்கும் அனுப்பும் குடும்பங்கள் அங்கே நிறைய. தங்கசாமி ஆயுதப்படையில் சேர்ந்தார். நல்ல உயரம், வாய் திறக்காத சுபாவம். இந்த இரண்டையும் பார்த்துச் சட்டமன்றக் காவலுக்கு அவரை எடுத்துக்கொண்டார்கள். வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு கதவோரம் நிற்க வேண்டும். கூச்சல் போடும் உறுப்பினரை வெளியேற்றச் சொல்லிப் பேரவைத் தலைவர் உத்தரவிட்டால், அலுங்காமல் தூக்கிக்கொண்டுபோய் வெளியே விட வேண்டும். மற்ற நேரமெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்பதுதான். கேட்கும்படி யாரும் சொல்லவில்லை, ஆனாலும் காதைப் பொத்திக்கொண்டா நிற்க முடியும்?

கேட்டுக் கேட்டு மனுஷனுக்கு ஒரு நம்பிக்கை முளைத்துவிட்டது. மேடையில் பேசுவது வேறு, சபையில் பேசுவது வேறு என்பார். மேடைப் பேச்சு காற்றோடு போகும். சபையில் பேசியது அவைக்குறிப்பில் ஏறும். கூடாத சொல் ஒன்று விழுந்தால் அதை நீக்கச் சொல்லித் தலைவர் அங்கேயே உத்தரவு போடுவார். அப்படி நீக்காமல் விட்ட சொல் என்றால் அது நிற்கும் சொல்தானே? இதுதான் தங்கசாமியின் கணக்கு. அதைக் கேட்டால் படித்த பையன்கள் சிரிப்பார்கள். நமக்கும் சிரிப்பு வரும், கதை முழுக்கத் தெரியாதவரை.

பட்ஜெட் கூட்டத் தொடர் வந்துவிட்டால் அவருக்குத் திருவிழா. துறை துறையாக மானியக் கோரிக்கைகள் வரும். உறுப்பினர்கள் எழுந்து, எங்கள் தொகுதிக்குப் பள்ளிக்கூடம், எங்கள் தொகுதிக்குத் தடுப்பணை என்று கேட்பார்கள். அமைச்சர்கள் பதில் சொல்வார்கள். கடைசியில் நிதி ஒதுக்கீட்டுச் சட்டமுன்வடிவு. ஏற்பவர்கள் ஆம் என்று சொல்லும்படி தலைவர் கேட்பார், 'ஆம்' என்று ஒரு சத்தம் எழும்பும், அவ்வளவுதான். ஒரு வருஷத்துச் சர்க்கார் கஜானா அந்த ஒற்றைச் சொல்லில் திறந்துகொள்ளும். தங்கசாமிக்கு ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும். கோயிலில் நடை திறக்கும்போது நிற்பவர் மாதிரி நிற்பார்.

சொந்த ஊர்த் தொகுதி எம்.எல்.ஏ. பாண்டியராஜ் அவருக்குப் பழக்கமானதும் அங்கேதான். பாண்டியராஜ் அப்போது எதிர்க்கட்சி வரிசையில் இருந்தார். ஒருநாள் அமளியில் கடைசிவரை தரையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றவரை, தங்கசாமிதான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு போனார். நம்ம பக்கத்து ஆள் ஆயிற்றே என்று ரொம்பப் பதமாகத் தூக்கினார். வெளியே இறக்கி விட்டதும் பாண்டியராஜ் சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஒரு கசங்கல் இல்லையே! இனிமே எப்பத் தூக்கினாலும் நீங்களே வந்து தூக்குங்க" என்று சிரித்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் தங்கசாமி இதைச் சொல்லாமல் திரும்பியதில்லை. அடுத்த தேர்தலில் பாண்டியராஜ் ஆளுங்கட்சி வரிசைக்கு மாறி உட்கார்ந்த பிறகு கதைக்கு இன்னும் மவுசு கூடிற்று.

அந்தக் கதையை அலுக்காமல் கேட்பவள் ஒருத்திதான், தங்கை ஆவுடைத்தாய். அவளை ஆற்றுக்கு அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தது. தோப்புக்குள் வீடு. ஊருக்கு வர வேண்டுமானால் ஆற்றின் குறுக்கே கல்லும் சிமென்ட்டும் போட்ட ஒரு தாழ்ந்த சப்பாத்துப் பாதை உண்டு. கோடையில் அதன்மேல் சைக்கிளில் வரலாம், மலையில் மழை பிடித்து அணை நிரம்பிவிட்டால் சப்பாத்து தண்ணீருக்குள் போய்விடும். அப்படி ஒரு ஐப்பசியில் அவள் புருஷன் மணிமுத்துவுக்கு நெஞ்சு வலித்தது. இக்கரையில் ஆம்புலன்ஸ் விளக்கு சுற்றிக்கொண்டு நின்றது. அக்கரையில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆவுடை அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வடிந்தபோது ஆம்புலன்ஸுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு அவள் அண்ணனிடம் சேலை கேட்டதில்லை, பலகாரம் கேட்டதில்லை. "அண்ணே, நீ அவ்வளவு பெரிய ஆட்கள் மத்தியில நிக்க. ஒரு பாலம் கேளேன்" என்பாள். காவலர் சபைக்குள் வாய் திறக்க முடியாது என்று அவளுக்கு எப்படி விளங்க வைப்பது? தங்கசாமி பாண்டியராஜிடம் சொன்னார். வராந்தாவில் பார்க்கும்போதெல்லாம் சொன்னார். அவரும் தலையை ஆட்டிக்கொண்டே போவார்.

தங்கசாமி ஓய்வு பெறும் வருஷத்துப் பட்ஜெட் தொடர். கதவோரம் நிற்கிறார். மானியக் கோரிக்கை விவாதத்தில் பாண்டியராஜ் எழுந்து, வெள்ளத்தில் துண்டிக்கப்படும் அக்கரைக் குடும்பங்களைப் பற்றியும், ஆம்புலன்ஸ் வந்தும் செத்துப்போன ஒரு விவசாயியைப் பற்றியும் பேசினார். மணிமுத்து பெயரைக்கூடச் சொன்னார். அமைச்சர் எழுந்து, உறுப்பினரின் கோரிக்கையை ஏற்று இந்த நிதியாண்டிலேயே அங்கே பாலம் கட்டித்தரப்படும் என்றார். மேசைகள் தட்டப்பட்டன. தங்கசாமிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கையை உயர்த்தித் துடைக்கக் கூடாது, அப்படியே நின்றார். இடைவேளையில் போன் போட்டு, "ஏட்டி ஆவுடை, உன் பாலம் சபையில ஏறிட்டுட்டி" என்றார். அந்தப் பக்கம் அவள் விம்முவதுதான் கேட்டது.

ஓய்வு பெற்று ஊர் திரும்பிய சில மாதத்தில் பாண்டியராஜ் வீடு தேடி வந்தார். அனுசியா கொடுத்த சுக்குக்காப்பியைக் குடித்துக்கொண்டே விஷயத்துக்கு வந்தார். "அக்கரையில பாலம் இறங்குத இடம் ஒங்க தங்கச்சி தோப்பு அண்ணாச்சி. இடத்த எழுதிக் குடுத்து, மரத்த எடுத்துத் தந்தாங்கன்னா உடனே வேலைய ஆரம்பிச்சிரலாம். மார்ச்சுக்குள்ள ஆரம்பிக்கலன்னா ஒதுக்கின நிதி திரும்பிப் போயிரும். ஒங்களுக்குத் தெரியாததா?"

தங்கசாமிக்குத் தெரியும். ஒதுக்கி, செலவழிக்காமல் திரும்பிப்போன நிதியைப் பற்றிய சண்டைகளை எத்தனை தொடரில் கேட்டிருப்பார்! பதறிப்போய் அன்றைக்கே ஆற்றைக் கடந்து ஓடினார்.

ஆவுடை இடம் தர மறுக்கவில்லை. மரத்துக்குத்தான் தயங்கினாள். ஆற்றோரம் நின்றவை எல்லாம் மணிமுத்து தன் கையால் குழி தோண்டி வைத்த தென்னைகள். நல்ல காய்ப்பு. அவள் சாப்பாடே அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"இடத்த எழுதித் தந்துருதேண்ணே. மரம் நிக்கட்டும். மெஷின் வந்து இறங்கட்டும், அன்னைக்கே வெட்டிருதேன்."

"நீ என்னட்டி இப்படிப் பேசுத? அதுக்குள்ள நிதி திரும்பிப் போயிரும்."

"இல்ல, ஒருவேளை கட்டலன்னா..."

தங்கசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "மந்திரி சபையில சொன்ன சொல்லுட்டி அது. நான் இந்தக் காதால கேட்டேன். அவைக்குறிப்புல இருக்கு. இதுக்கு மேல ஒனக்கு யாரு வந்து சத்தியம் பண்ணணும்?"

"நீ பண்ணு" என்றாள் அவள். "எனக்கு மந்திரியத் தெரியாது. நீ சொல்லு, வெட்டுதேன்."

"நான் சொல்லுதேன், வெட்டு."

வெட்டினாள். ஆட்கள் மரமறுக்கும் வாள் போட்டு ஒவ்வொன்றாகச் சாய்த்தபோது அவள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். தங்கசாமிதான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார், கையைத் தொடையோரம் தொங்கவிட்டுக்கொண்டு.

பொறியாளர்கள் வந்தார்கள். பாறைகளில் வெள்ளைப் பெயின்ட்டால் குறி போட்டார்கள், வெட்டிப் போட்ட மரத்து இளநீரைக் குடித்தார்கள், போனார்கள். மார்ச் வந்தது, போயிற்று. வேலை நடக்கத்தான் செய்தது, ஆனால் இங்கே இல்லை. மேற்கே மலையடிவாரத்தில், அதே ஆற்றின் மேலே, பாண்டியராஜின் சகலை கட்டிக்கொண்டிருந்த ரிசார்ட்டுக்கு எதிரே தூண்கள் எழும்பின. குற்றால சீசனுக்கு வருகிற கார்கள் நேராக வரவேற்பறை வரைக்கும் போகும். பாலத்தைத் தாண்டினால் ரிசார்ட் கேட். கேட்டுக்குப் பக்கவாட்டில் மின்வேலி. அங்கிருந்து ஆவுடையின் தோப்புக்கு வர ஒற்றையடிப் பாதைகூடக் கிடையாது.

தங்கசாமி பாண்டியராஜின் அலுவலகத்துக்குப் போனார். முதல் தடவை அவர் ஊரில் இல்லை. அடுத்த தடவை மீட்டிங்கில் இருந்தார். மூன்றாம் தடவை மாடிப்படியில் இறங்கும்போது மடக்கிவிட்டார்.

"அங்கன பாறை உறுதியா இருக்குன்னு சொன்னானுவ அண்ணாச்சி. நிதி திரும்பிப் போறதுக்குப் பதிலா ஏதோ ஒரு எடத்துல கட்டுனா நம்ம தொகுதிக்குத்தான லாபம்? அடுத்த வருஷம் தங்கச்சிக்கும் ஒண்ணு கேப்போம்." தோளில் தட்டிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். பாவி! மணிமுத்துவின் சாவைச் சபையில் விற்று, சகலைக்குப் பாலம் வாங்கியிருக்கிறான். தங்கசாமிக்கு அது புரிய அன்று முழுப் பகலும் ஆயிற்று. புரிந்த பிறகும் அவர் சபையை விட்டுக்கொடுக்கவில்லை. பாண்டியராஜ்தான் அயோக்கியன், சபை அப்படியே இருக்கிறது என்று நினைத்தார்.

ஏனென்றால் இன்னும் ஒரு வழி அவருக்குத் தெரியும். சபையில் சொன்னதெல்லாம் நடந்ததா என்று பார்க்க உறுப்பினர்கள் குழுவாக ஊர் ஊராக வருவார்கள். ரிசார்ட் பாலம் கட்டி முடிந்த பிறகு வந்த ஆடிச் சாரலில் அந்தக் குழு குற்றாலத்துக்கு வருவதாகத் தெரிந்தது. வேறு மாதத்தில் வருவார்களா என்று நீங்கள் கேட்கலாம், தங்கசாமி கேட்கவில்லை. ஆவுடையைக் கூட்டிக்கொண்டு போனார். பேருந்தில் போகும் வழியெல்லாம் அமைச்சரின் வார்த்தைகளை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

விருந்தினர் மாளிகை வாசலில் காலையிலிருந்து காத்திருந்தார்கள். குழு அருவிக்குக் குளிக்கப் போயிருந்தது. மதியம் வந்தார்கள், எண்ணெய் மினுங்கும் முகத்தோடு. கூடத்தில் கூட்டம் தொடங்கியது. பாண்டியராஜ் முன்வரிசையில் இருந்தார். ஓர் அதிகாரி வாசித்துக்கொண்டே வந்து, வடகரை ஆற்றுப் பாலம் கட்டி முடிக்கப்பட்டது என்றார். "முடிஞ்சது. அடுத்தது?" என்றார் குழுத் தலைவர்.

ஆவுடை எழுந்துவிட்டாள். "எந்தப் பாலம்யா முடிஞ்சது? எம்மரமெல்லாம் வெட்டிப் போட்டுக் கெடக்கு. எம்புருஷன் பேரச் சொல்லிக் கேட்ட பாலம் எங்கய்யா?"

கூடம் திரும்பிப் பார்த்தது. குழுத் தலைவர் அவளைப் பார்த்து, பின்னால் நின்றவரையும் பார்த்து, முகம் மலர்ந்தார். "அட, நம்ம தங்கசாமி! நல்லா இருக்கியாப்பா?"

இதோ இந்த இடம்தான். இத்தனை வருஷம் கேட்டதையெல்லாம் சொல்ல வேண்டிய இடம். தங்கசாமி வாயைத் திறந்தார். சபைப் பெரியவர்கள் கூடியிருக்கும்போது அந்த வாய் ஒருநாளும் திறந்ததில்லை. இப்போதும் அதிலிருந்து எதுவும் வரவில்லை.

"அந்தம்மாவக் கொஞ்சம் வெளிய உக்கார வைப்பா" என்றார் தலைவர், சாதாரணமாக.

தங்கசாமியின் கை எழும்பிற்று. யோசித்து எழும்பவில்லை, உத்தரவு கேட்டதும் எழும்பிற்று. தங்கையின் முழங்கையைப் பிடித்து, கூட்டத்தை விலக்கி, வாசல்வரை கொண்டுவந்த பிறகுதான் தான் செய்வது என்னவென்று அவருக்கே உறைத்தது.

ஆவுடை திமிரவில்லை. "மெதுவாப் பிடிண்ணே" என்றாள். "பாண்டியராஜத் தூக்கினப்பச் சட்டை கசங்கலன்னு சொல்லுவல்லா?"

அவர் கையை எடுத்தார். "பழக்கதோஷம்ட்டி ஆவுடை..."

"அவன் எவனோ. அவன் ஏமாத்துனா நான் மண்ண வாரித் தூத்திட்டுப் போயிருவேன். நான் அவன் சொல்லியா வெட்டினேன்?" சாரலில் நனைந்துகொண்டே பேருந்து நிற்கும் இடத்துக்கு அவள் தனியாக நடந்தாள்.

தீபாவளிக்கு அவளுக்குச் சேலை எடுத்துக்கொடுப்பது வழக்கம். அந்த ஐப்பசியிலும் அனுசியா எடுத்து வைத்தாள். தங்கசாமி பையோடு ஆற்றங்கரைக்குப் போனார். அணை நிரம்பி, சப்பாத்தின் மேலே செந்தண்ணீர் உருண்டு போய்க்கொண்டிருந்தது. அக்கரையில், வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளுக்கு நடுவே ஆவுடை மாடு கட்டிக்கொண்டிருந்தாள். மரம் இல்லாததால் ஆள் தெளிவாகத் தெரிந்தாள்.

"ஏட்டி ஆவுடை! சேலை கொண்டாந்திருக்கேன்! தண்ணி வடியவும் வாரேன்!"

அவள் நிமிர்ந்தாள். இவ்வளவு காலமும் அண்ணே, நீ, வா என்றே அழைத்து வந்தவள், வேற்றாளிடம் பேசுவது போல மரியாதையாகக் கத்தினாள்.

"அதுதான் பாலம் கட்டியாச்சுல்லா! சுத்தி வாங்க!"

சொல்லிவிட்டு மாட்டை அவிழ்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.