இடி விழுந்த கடலில் மாரி எனக்குக் கொடுத்த பதில்

நடுக்கடலில் அன்று இனி பிழைக்க மாட்டோம் என்றுதான் நினைத்தேன். மலாயாவில், காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட்காரர்களை வெள்ளைக்காரர்கள் தேடிக்கொண்டிருந்த அவசரகால வருடங்கள் அவை. ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தோம், அதாவது பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுக்கும் வேலை. தோட்டத்தைச் சுற்றி முள்வேலி, வாசலில் காவல். காட்டுக்குப் போய்விடக் கூடாதென்று அரிசியும் அளந்துதான் கிடைக்கும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. விடியலில் மரம் நனைந்திருந்தால் வெட்டு கிடையாது. உடனே தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். ஓடைக்கு அது சரி. கடலுக்கு? அது எங்களுக்கு உறைக்கவே இல்லை.

அன்று பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போய், அவருக்குத் தெரிந்த மலாய்க்காரரிடம் சம்பான் படகு கேட்டோம். இன்றைக்கு நாங்களே இறங்கவில்லை என்று அவர் தலையை ஆட்டினார். என் வீட்டுக்காரர் கேட்கிற ஆளா? "மழதான் விட்ருச்சே, பக்கத்துலதானே போறோம்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் துடுப்பை எடுத்தார்.

மத்தியானம் மேற்கே வானம் கறுத்தது. அடித்த காற்றில் துடுப்பு கையை விட்டுப் போனது. கரை மழையில் மறைந்தது. சற்றுத் தள்ளி வலை கட்ட நட்டிருந்த கம்பத்தில் இடி விழுந்து, கம்பம் பிளந்து புகைந்தது. அந்த நேரம் பார்த்து இவர் எழுந்து நின்று கரையைத் தேடுகிறார்! தண்ணீருக்கு மேல் உயரமாகத் தெரிந்தது அவர் தலை ஒன்றுதான்.

"உக்காருங்க! அடுத்தது ஒங்க தலையிலதான்!"

இடுப்பைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினேன். மீன் போடக் கொண்டுவந்த பால் வாளியால் தண்ணீரை இறைத்தேன். இறைக்க இறைக்க ஏறியது.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "ஆத்தா மாரி! மழையே நீதானே! ஒன் மழையில என் தாலிய எடுத்தா ஊரு சிரிக்காதா? காப்பாத்து, தீச்சட்டி எடுக்கறேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

நம்புங்கள், கத்தி முடித்த கொஞ்ச நேரத்திலேயே மழைக்குள்ளிருந்து ஒரு விசைப்படகு வந்தது. போலீஸ் ரோந்துப் படகு. காப்பாற்ற அல்ல, பிடிக்க வந்தது! காட்டுக்குள் ஒளிந்திருப்பவர்களுக்கு அரிசி கடத்துகிறோம் என்று சந்தேகம். சம்பானைச் சோதித்தார்கள். இருந்தது ஒரே ஒரு கெளுத்தி மீன். அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்களைத் தூக்கி ஏற்றி, சம்பானைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு கரையில் விட்டார்கள்.

தற்செயல் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். பிடிக்க வந்த கையாலேயே எங்களைத் தூக்க வைத்தாளே, அவள் என் மாரி.

இரவில் ஊரடங்கு என்பதால் அந்த வருடத் திருவிழா முள்வேலிக்குள், அனுமதி வாங்கி, பட்டப்பகலில் நடந்தது. தீச்சட்டி ஏந்தித் தோட்டம் முழுக்க நிமிர்ந்து நடந்தேன். கை சுடவே இல்லை. முன்னால் வேப்பிலையோடு போன என் வீட்டுக்காரர் வாசலுக்கு வாசல் நின்று சொன்னார்: "கடல்ல என்னய இழுத்துப் போட்டது இவதான். ஆத்தாவ அதட்டிக் கூப்பிட்டதும் இவதான்!" எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இடி கேட்டால் தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள். நாங்கள் பிறகு போனதில்லை. ஆனால் எந்த ஆபத்தில் மாட்டினாலும் அவளை முணுமுணுத்துக் கூப்பிடாதீர்கள். சத்தம் போட்டு, உரிமையோடு கூப்பிடுங்கள். பெற்றவளிடம் நமக்கு என்ன கூச்சம்?