கல் பொறுக்க வந்த துரை எழுதிக் கொடுத்தது

பால் அடிப்பிடிக்கிற வாசனை வந்தால் எனக்கு இங்கிலீஷ் ஞாபகம் வரும். இன்று காலையும் வந்தது. பெரம்பலூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே எவனோ அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் நின்று வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தான். கருகலும் ஈர விறகுப் புகையும் ஒன்றாகத் தெருவைக் கடந்து வந்து என் சட்டையைப் பிடித்தன. ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்த கால்கள் நின்றுவிட்டன. எந்த ஊரிலும், எந்த வேலையிலும் நிலைத்து நிற்காத கால்கள் இவை. இந்த வயதில் ஒரு கருகல் வாசனைக்கு நிற்கின்றன.

நாற்பதுகளின் நடுவில், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, இதே வாசனைக்குள் நான் குடியிருந்தேன். அரியலூரில் ரயிலடிக்குப் போகும் சாலையில் மச்சானின் காபி கிளப். மச்சான் என்றால் அக்காளின் புருஷன். முன்னால் மச்சான், பின்னால் புகைக்குள் அக்கா. நடுவில் நான், எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு முறையும் இங்கிலீஷில் தோற்றவன். இரண்டாவது முறை தோற்றதும் அப்பா திட்டவில்லை. சாப்பிடும்போது என் பக்கம் பார்ப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார். அது தாங்காமல்தான் பெரம்பலூரை விட்டு வந்தேன். மச்சானுக்கு ஒத்தாசை, மிச்ச நேரத்தில் படிப்பு என்று ஏற்பாடு. மிச்ச நேரம் என்று ஒன்று அந்தக் கிளப்பில் கிடையாது.

மச்சானுக்கு ஒரு பழக்கம். கோட்டுப் போட்டவர் யார் வந்து சாப்பிட்டாலும் சரி, அவர் கை கழுவித் திரும்புவதற்குள் வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டிவிடுவார்.

"நம்ம கிளப்பப் பத்தி நாலு வார்த்தை இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க சார். தமிழ்ல வேணாம். தமிழ்ல எல்லாரும் சொல்றாங்க."

எழுதிக் கொடுத்ததற்குச் சர்ட்டிபிகேட் என்று பெயர். அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுச் சுவரில் மாட்டுவார். லட்சுமி படத்துக்கு வலப்பக்கம் தொடங்கி, வரிசை சுவரைச் சுற்றிப் போய் வாசல் நிலையைத் தொட்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் சாமி படங்களுக்கு வைக்கிற சந்தனமும் குங்குமமும் அவற்றுக்கும் உண்டு. பெஞ்சின் மேல் ஏறி நின்று துடைத்துப் பொட்டு வைப்பது என் வேலை.

மச்சானுக்கு இங்கிலீஷ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் அந்தச் சட்டங்களை வைத்து அவர் ஒரு கோட்டை கட்டியிருந்தார். ரயிலடிக்குள்ளேயே பலகாரம் விற்க லைசென்ஸ் வாங்க வேண்டும். பட்டாளத்து ரயில்கள் நின்று நின்று போகிற காலம். பிளாட்பாரத்தில் ஓர் அடுப்பு கிடைத்தால் போதும், இந்த ஒழுகுகிற கீற்றுக் கொட்டகையை விட்டுவிடலாம், அக்காவின் இருமலும் நிற்கும். மனு போட்டிருந்தார். திருச்சியிலிருந்து ஆபீசர் பார்வையிட வருவார் என்று பதில் வந்திருந்தது. வருகிறவர் சுவரைப் பார்ப்பார், சுவர் பேசும்.

என் பாடப்புத்தகத்தை நான் வெறுத்தேன். அதிலிருந்த இங்கிலீஷ் யாரும் சாப்பிடாத வீட்டில் பேசுகிற இங்கிலீஷ். சுவரில் இருந்ததோ காபியையும் இட்லியையும் பற்றியது. துடைக்கிற சாக்கில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மூக்கு கண்ணாடியில் முட்ட நின்று படித்தேன். முன்பக்கத்தைக் கரையான் தின்றுவிட்ட ஓர் அகராதி இருந்தது. அதற்கு மிஞ்சியதைக் குத்துமதிப்பாகப் புரிந்துகொண்டேன்.

சீக்கிரமே சலித்துவிட்டது. எல்லாரும் ஒன்றையே எழுதியிருந்தார்கள். முதலில் எழுதியவர் உப்பு இலாகாவின் சால்ட் இன்ஸ்பெக்டர் ஒருவர்: இன்று இங்கே வந்தேன், காபி நன்றாக இருந்தது, இடம் சுத்தமாக இருக்கிறது, முதலாளி பணிவானவர். அடுத்து வந்தவர் அண்ணாந்து அதைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டுப் போயிருந்தார். அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். கையெழுத்து மட்டும் மாறியது. ஒரே சாம்பாரில் தண்ணீர் விளாவிக்கொண்டே போனதுபோல.

ஒன்று மட்டும் வேறு. அதுதான் இருப்பதிலேயே பெரிய சட்டம். லட்சுமிக்குப் பக்கத்தில், காகிதப்பூ மாலையோடு, உயரத்தில் இருந்தது. நான் அரியலூருக்கு வருவதற்கு முன் ஒரு வெள்ளைக்காரத் துரை எழுதிக் கொடுத்தது. ஊரைச் சுற்றியுள்ள ஓடைகளில் கல்லாகிப் போன நத்தையும் சிப்பியும் தேடித் திரிந்தவர். ரயில் தாமதமானதால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிளப்பில் நுழைந்திருக்கிறார். தாள் முழுக்க எழுதியிருந்தார். சாய்ந்த, அவசரமான கையெழுத்து. கோடையில் மருதையாறு மணலில் போகிற மாதிரி, எங்கே ஓடுகிறது எங்கே நிற்கிறது என்றே தெரியாது.

வாரத்துக்கு ஒரு வாக்கியம் என்று அவிழ்த்தேன். வினைச்சொல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடினேன். பள்ளியில் மண்டையில் ஏறாத பாஸிவ் வாய்ஸ் அந்த மனிதர் கையில் பூனைபோல நடந்தது. படித்ததை வாய்க்குள் போட்டுக்கொண்டே தண்ணீர் சேந்தினேன், இலை எடுத்தேன். ஒரு மொழிக்கு நாக்கும் பல்லும் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. அர்த்தம் முழுதாக விடிந்த வெள்ளிக்கிழமை சந்தனக் கிண்ணம் கையில் இருக்க, பெஞ்சின் மேல் அப்படியே நின்றேன்.

துரை எழுதியிருந்தது ஏறக்குறைய இது: 'நான் கற்களைத் தேடி இந்த ஊருக்கு வந்தவன். இந்தக் கிளப்பின் சோற்றிலேயே அவை கிடைக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் வெயிலில் அலைந்திருக்க மாட்டேன். சாம்பார் ஆழமில்லாத கடல். அடித்தரை தெளிவாகத் தெரிகிறது, அதில் உயிர்கள் இருந்ததற்கான தடயம் இல்லை. முதலாளி எனக்கு ஒரு ஸ்பூன் தந்தார். நான் அதோடு ஓடிவிடுவேன் என்று பயந்தவர்போல, சாப்பிட்டு முடிக்கும்வரை என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சுவிட்டார். ஸ்பூனில் ஏதோ மருந்து ஒட்டியிருந்தது. அன்று நான் சாப்பிட்டவற்றில் ருசி என்று ஒன்று இருந்தது அதில்தான்.'

கீழே இறங்கினேன். மச்சான் கல்லாவில் உட்கார்ந்து பட்டாணி மென்றுகொண்டிருந்தார்.

"மச்சான், அந்தப் பெரிய சர்ட்டிபிகேட்டக் கழட்டிடலாங்க."

"ஏன், கண்ணாடி ஒடஞ்சிருச்சா?"

"இல்லீங்க. அது நல்லதா எழுதல. கிண்டல் பண்ணி எழுதியிருக்காரு."

மச்சான் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு சிரித்தார். "ஏன் மாப்ள, இங்கிலீஷ்ல ரெண்டு தடவ குப்புற விழுந்தவன் நீ. துரை எழுதுனதுல தப்புக் கண்டுபிடிக்கிறியா? ஏதோ ஒண்ணு ரெண்டு எழுத்து புரியலன்னா புரியலன்னு சொல்லிட்டுப் போயேன்."

"புரிஞ்சுதாங்க சொல்றேன்."

"புரிஞ்சிருந்தா பாஸ் பண்ணியிருப்ப."

இரண்டு நாள் விட்டுவிட்டேன். ஆபீசர் வருகிற கிழமை தெரிந்தது. மச்சான் சுண்ணாம்பு வாங்கி வந்து, சட்டங்களை ஒவ்வொன்றாக இறக்கி, சுவருக்கு வெள்ளையடித்தார். பெரியதை மட்டும் தானே இறக்கி, வேட்டி முனையால் துடைத்தார். அதற்குமேல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"மச்சான், அந்தத் துரைக்கு ஒரு ஸ்பூன் குடுத்தீங்களா?"

அவர் கை நின்றது. "அது ஒனக்கு எப்படித் தெரியும்? நீ அப்ப பெரம்பலூர்லல்ல இருந்த?"

"அதுல எழுதியிருக்காரு. ஸ்பூன்ல மருந்து வாடையாம். நீங்க பின்னாலயே நின்னுக்கிட்டு இருந்தீங்களாம், தூக்கிட்டு ஓடிருவாருன்னு."

மச்சான் உட்கார்ந்தார். வெள்ளையடித்த சுவரில் சாய்ந்ததால் முதுகெல்லாம் சுண்ணாம்பு.

"கம்பவுண்டர் வூட்டுல எரவல் வாங்குன ஸ்பூன்டா அது. வெளக்கெண்ண ஊத்துறது. தொலைஞ்சா அவன் என்னைய உரிச்சிருவான். அதான் நின்னேன்." குரலைத் தாழ்த்தினார். "அப்ப இத்தன நாளும், அண்ணாந்து பாத்துச் சிரிச்சாங்களே மாப்ள. ஆபீஸ் கிளார்க்கு, தபாலாபீஸ்காரரு, வக்கீல் குமாஸ்தா. துரை நல்லா எழுதியிருக்காருங்க, நல்லா எழுதியிருக்காருங்கன்னு. நான் அவங்களுக்கெல்லாம் டிக்காஷன் ஒரு கரண்டி அதிகமா ஊத்திக் குடுத்தேனே."

சோறும் சாம்பாரும் வருகிற வரிகளை நான் சொல்லவில்லை. அடுப்படித் தட்டிக்குப் பின்னால் இருமல் சத்தம் நின்றுபோயிருந்தது. அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

ஆபீசர் தமிழர்தான். வெயிலில் வெந்து, தொப்பியால் விசிறிக்கொண்டே வந்தார். கிணற்றைப் பார்த்தார், சாக்கடையைப் பார்த்தார், காபியை நின்றபடியே குடித்தார். சுவர்ப் பக்கம் திரும்பியவர் வரிசையைப் பார்க்கவில்லை. லட்சுமிக்குப் பக்கத்தில் இருந்த வெறும் ஆணியைப் பார்த்தார்.

"இங்க என்னய்யா இருந்துச்சு?"

மச்சானுக்குப் பொய் சொல்ல வராது. உள்ளே போய், சாக்குக்கு அடியில் ஒளித்திருந்த துரையின் சட்டத்தை எடுத்துவந்து இரண்டு கையாலும் நீட்டினார். ஆபீசர் படித்தார். உதடு கோணியது. திரும்பவும் முதலிலிருந்து படித்தார். பிறகு தொப்பியைப் பெஞ்சில் வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இதைப் போய் மாலை போட்டா வச்சிருந்தே!" என்று மச்சானின் தோளைத் தட்டினார். இன்னொரு காபி வாங்கிக் குடித்தார்.

அந்த இன்னொரு காபியை வைத்து மச்சான் ஆடி மாதம் முழுதும் நம்பினார். சந்தோஷப்பட்டவர் கெடுக்க மாட்டார் என்றார். ஆடி முடிகிறபோது தெரிந்தது, லைசென்ஸ் விருத்தாசலத்துக்காரர் ஒருவருக்குப் போய்விட்டது என்று. காரணம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சாக்கடையாக இருக்கலாம். ஏற்கெனவே முடிவான காரியமாகக்கூட இருக்கலாம். மச்சான் சுவரிலிருந்து எல்லாச் சட்டங்களையும் கழற்றி, கண்ணாடியை மட்டும் தனியாக எடுத்து விற்றார். துரையின் தாளை என்னிடம் கொடுத்து, "நீதான அதைப் படிச்ச. நீயே வச்சுக்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்குக் கோபப்படத் தெம்பு இல்லை.

பரீட்சைக்காக நான் பெரம்பலூருக்குக் கிளம்பிய காலையில், பெட்ரோல் கிடைக்காததால் கரியில் ஓடிய பஸ் கிளப்பைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றிருந்தது. கண்டக்டர் பின்பக்கத்து அடுப்பின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். புகை வரும், வண்டி வராது. அக்கா கிளப்பை விட்டு ரோட்டுக்கு வருகிறவள் இல்லை. அன்று வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். கையில் ஈரம் இல்லை, ஆனாலும் துடைத்தாள்.

"ஒங்க மச்சான்கிட்ட ஸ்பூனு மட்டுந்தான சொன்ன. மத்ததச் சொல்லு."

"மத்தது ஒண்ணும் இல்லக்கா."

"தாள் பூராவும் ஸ்பூனையா எழுதுவான் ஒரு மனுஷன்? எங்கிட்ட மறைக்காத. என் கைப்பக்குவத்தாலதான் லைசென்ஸ் போச்சா?"

"அதெல்லாம் இல்லக்கா."

"உப்பா, புளியா, எதுடா?"

என்ஜின் பிடித்துக்கொண்டது. கண்டக்டர் கத்தினான். ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சத்தத்தின் மேலே சொன்னேன்: "சோத்துல கல்லு இருந்துச்சாம். சாம்பார் தண்ணியா இருந்துச்சாம்க்கா."

அவள் முகம் மாறவில்லை. இதற்கா என்பதுபோலப் பார்த்தாள். வண்டி நகர்ந்தது. புகையில் இருமியபடியே பக்கத்தில் கொஞ்ச தூரம் நடந்து வந்தாள்.

"நல்லாப் படிச்சிட்டு அந்தாளுக்குப் பதில் எழுதிப் போடுடா தம்பி. கல்லு ரேஷன் அரிசியிலயே கெடந்துச்சு, பருப்பு எங்க தேடியும் கெடைக்கல, அந்தச் சாம்பாரையும் அவருக்குன்னுதான் ரெண்டு கரண்டி சேத்து ஊத்துனேன்னு எழுது."