நாலடிக்கு ஒரு தட்டு

என்னால் நேராக உட்கார முடியாது. ஜப்பான்காரன் வருவதற்கு மூன்று வருடம் முன்பு, லாரியிலிருந்து சரிந்த மரக்கட்டை ஒன்று என் முதுகின் அடிப்பாகத்தில் விழுந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்தால் ஐந்து நிமிஷத்தில் கால் மரத்துப்போகும், குனிந்தால் உயிர் போகும். சாய்ந்து கிடந்தால் மட்டும் ஒன்றும் செய்யாது. ஆபீஸில் எனக்கென்று ஒரு பிரம்புச் சாய்வு நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்கள். மடியில் பலகை வைத்துக் கணக்கு எழுதுவேன். மற்ற கிராணிகள் என்னை ராஜா என்று கூப்பிட்டார்கள். நானும் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

மலாக்காவில், காஜா பேராங் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே என்போம், அவர்தான் எனக்கு ஒரு வழி செய்தார். ஒரு நாள் முழுக்க என்னை நடக்கவிட்டும் படுக்கவிட்டும் பார்த்தார். பிறகு பழைய சைக்கிள் ஒன்றை அறுத்து நீட்டி, நடுவில் பிரம்பு நாற்காலியைக் காலை வெட்டிப் பொருத்தி, மிதிகட்டையை முன்னால் கொண்டுபோய் வைத்தார். இரண்டு செயினை ஒன்றாகக் கோத்தார். பின்னால் பெரிய சக்கரம், முன்னால் சிறுபிள்ளைகள் சைக்கிளிலிருந்து கழற்றிய குட்டிச் சக்கரம். மல்லாந்து கிடந்தபடி வானத்தைப் பார்த்து மிதித்துக்கொண்டு போகலாம். ஊர்ப் பிள்ளைகள் அதற்கு 'பாசிக்கல் தீடோர்' என்று பேர் வைத்தார்கள். தூங்கும் சைக்கிள். எனக்கு அது கால்.

அந்த வண்டிக்கு முன் சக்கரம்தான் வில்லங்கம். குட்டிச் சக்கரம் வேகமாகச் சுற்றும், சீக்கிரம் தேயும், ஒவ்வொரு குழியையும் முதுகுக்குச் சொல்லும். தவுக்கே முதலில் மெல்லிய டயர் போட்டார். நான் முனகியதைப் பார்த்து சிங்கப்பூரிலிருந்து தடித்த டயர் ஒன்று வரவழைத்து மாட்டினார். மேகத்தில் போகிற மாதிரி இருந்தது. அந்தச் சுகத்திலேயே கல்யாணமும் ஆயிற்று.

அவள் தோட்டத்துப் பெண். செமாபோக் தாண்டி மெர்லிமாவ் போகிற ரோட்டில் பதினாலாம் கட்டையில், மைல்கல்லைத்தான் கட்டை என்போம், அந்த ரப்பர் தோட்டம் இருந்தது. அவள் அப்பாவுக்கு ரப்பர் சீட்டுக்குப் புகை போடும் புகைவீட்டில் வேலை. இப்படிச் சாய்ந்து கிடக்கிறவனுக்கு எப்படிச் சம்மதித்தாய் என்று ஒரு நாள் கேட்டேன். நின்றுகொண்டு சத்தம் போடுகிற ஆண்களைத்தான் நிறையப் பார்த்தாயிற்று என்றாள். கம்போங் செட்டியில் ஒரு வீட்டின் பின்கட்டு அறையில் குடியிருந்தோம். வீட்டுக்கார அம்மா பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவுக்கு வந்து தங்கிவிட்ட செட்டி வம்சம். நெற்றியில் திருநீறு, பேச்சு முழுக்க மலாய். அந்த அம்மாவும் என் மனைவியும் ஒருத்தி பேசுவது ஒருத்திக்குப் பாதிதான் புரிந்தும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஜப்பான்காரன் வந்த பிறகுதான் அவளுக்கு ஏழாம் மாதம் பிறந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பதால் மாட்டுவண்டியில் அனுப்பிவைத்தேன். குழந்தை பிறந்து மூன்று மாதத்தில் அழைத்துவருவதாகப் பேச்சு. ஆனால் டவுனில் அரிசி இல்லை. சிப்பாய்களுக்குப் பயந்து வயசுப் பெண்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தார்கள். தோட்டத்தில் மரவள்ளியாவது உண்டு, பெற்றவள் பக்கத்தில் இருக்கிறாள். நான் ஆபீஸில் தினமும் தலை காட்டியாக வேண்டும். அவள் அங்கேயே இருக்கட்டும் என்று இரண்டு பேருமாகத்தான் முடிவு செய்தோம். பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று தோட்டத்திலிருந்து மரவள்ளி ஏற்றிவரும் வண்டிக்காரர் வந்து சொன்னார். அன்று சாயங்காலம் பிரம்பு நாற்காலியில் கிடந்து, யாரும் பார்க்காதபோது அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவள் வேண்டும் போல் இருந்தது, அவ்வளவுதான்.

பதினாலு மைல் தூரம். பஸ்ஸில் என்னால் உட்கார முடியாது, அவ்வளவு தூரம் நடக்கவும் முடியாது. மரவள்ளி வண்டியில் போய்வர நாலைந்து நாள் ஆகும், அவ்வளவு லீவு கிடையாது. சைக்கிள் இருந்தது, டயர் இல்லை. சிங்கப்பூர் டயர் நூல் நூலாகப் பிரிந்துவிட்டது. பெரிய சக்கரத்துக்குப் பழைய டயருக்குள் தேங்காய் நாரைத் திணித்து ஒப்பேற்றினோம். குட்டி அளவுக்கு மலாக்கா முழுக்க ஒரு டயர் கிடையாது. தவுக்கே கயிற்றைச் சுற்றிக் கொடுத்தார். மழையில் நனைந்து ஊதி, காய்ந்து தளர்ந்து, மூன்றாம் நாள் கழன்றது. பூச்செடிக்குத் தண்ணீர் விடும் குழாயை வெட்டிக் கம்பி கோத்து மாட்டினார். கம்பி அறுந்து என் காலைக் கிழித்தது. அவர் கையை விரித்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரப்பர் தோட்டத்தில் பெண்டாட்டியை வைத்துக்கொண்டு ரப்பருக்கு அலைகிறேனே! குட்டிச் சக்கரத்தைச் சுற்றி ஒரு நூல் பிடித்தேன். நாலடி வந்தது. சரியான இடத்தில் முடிச்சுப் போட்டு, கட்டைவிரல் பருமன் வேண்டும் என்று சொல்லி வண்டிக்காரரிடம் கொடுத்தேன்.

இரண்டு வாரத்தில் வாழையிலையில் சுற்றி வந்தது. புகை போட்ட ரப்பர் சீட்டை நாடா நாடாவாக வெட்டி, ரப்பர் பால் தடவி ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றி, முறுக்கி, மறுபடி புகையில் வைத்துச் செய்திருந்தாள். இரண்டு முனையையும் ஒன்றன் மேல் ஒன்று ஏற்றிக் கட்டியிருந்த இடம் மட்டும் முட்டி மாதிரி புடைத்திருந்தது. அங்கங்கே அவள் விரல் அழுந்திய தடம் இருந்தது. அந்தத் தடத்தில் என் விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். தவுக்கே அதை முகர்ந்து பார்த்து, வளைத்துப் பார்த்து, என் கடைக்கு ஆள் தேவை, உன் பெண்டாட்டியை அனுப்பு என்றார்.

மாட்டி ஓட்டினால் நாலடிக்கு ஒரு முறை அந்த முட்டி தரையில் பட்டு டொக் என்றது. முதுகுக்கும் ஒரு தட்டு விழும். தவுக்கே சீவி எடுக்கிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன்.

இரண்டு நாள் லீவு கிடைத்ததும் விடியலில் கிளம்பினேன். செமாபோக்கில் காவல் நின்ற ஜப்பான்காரனுக்கு இறங்கிக் குனிந்து வணக்கம் வைக்க வேண்டும். என் முதுகு எவனுக்கும் குனியாது. அடி வாங்கப்போகிறோம் என்று நினைத்தேன். அவன் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தான், நாற்காலியில் தானே ஏறிப் படுத்தான், சிரித்தான், போ என்று கை காட்டினான். டொக், டொக் என்று பகல் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். சத்தம் தூரத்திலேயே கேட்டதாகச் சொன்னாள். நான் அனுப்பிய நூலை இரண்டாக மடித்து முறுக்கி, குழந்தைக்கு அரைஞாண் கட்டியிருந்தாள். நூல் கிடைக்காத காலம். என் மகள் என் சக்கரத்தின் அளவை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் குழந்தையை நெஞ்சில் கிடத்திக்கொண்டு தோட்டத்து ரோட்டில் மெதுவாக மிதித்தேன். வேறெந்த சைக்கிளிலும் அது முடியாது. ஒரு கை கைப்பிடியில், ஒரு கை அவள் முதுகில். ஐந்து மாதக் குழந்தை. முதலில் திருதிருவென்று விழித்தாள். டொக் என்று ஒவ்வொரு தட்டுக்கும் அவள் உடம்பு என் நெஞ்சில் லேசாக ஏறி இறங்கியது. இரண்டாவது வளைவுக்குள் தூங்கிவிட்டாள். என் மனைவி பக்கத்திலேயே நடந்து வந்தாள். திரும்பிப் போக மூன்று பேருக்கும் மனமில்லை. என் வாழ்க்கையில் எனக்குத் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கிற ஒரே சாயங்காலம் அது.

மறுநாள் கிளம்பும்போது, "அடுத்த தடவ நீங்க வர்றப்ப பல்லு மொளச்சிருக்கும். கடிச்சி வைக்கப்போறா," என்றாள்.

அடுத்த தடவைக்கு லீவு கிடைக்கவில்லை. மாதங்கள் ஓடின. கழுவுவதும் துடைப்பதுமாக அந்தச் சைக்கிளைத்தான் நான் கொஞ்சிக்கொண்டிருந்தேன். ரப்பர் ஒரு பக்கமாக அழுந்திவிடக் கூடாது என்று முன் சக்கரத்தை முக்காலியில் தூக்கி வைப்பேன். ஆரக்கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பார்த்து, தளர்ந்ததை முறுக்குவேன். வேலிக் கம்பியில் செய்த கம்பிகள் அவை. சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கோணல் இருக்கிறதா என்று நகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். சக்கரத்தின் நடுக் குடத்துக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுவேன். அது வரைக்கும் சரி.

வீட்டுக்கார அம்மா தன் மரத்துத் தேங்காயில் காய்ச்சிய எண்ணெயை என் முதுகுக்கென்று ஒரு போத்தல் கொடுத்திருந்தார். அதை முதுகில் தேய்ப்பேன். கையில் மீந்ததை ஒரு நாள் அந்த ரப்பரில் தேய்த்தேன். பளபளவென்று ஆயிற்று. நம் ஆட்களுக்கு எண்ணெய் என்றால் அன்பு. தலைக்கு, முழங்காலுக்கு, பிள்ளையின் தொப்புளுக்கு, கதவுக் கீலுக்கு, எது வாடினாலும் எண்ணெய்தான். அவள் கையால் செய்தது வெடித்துப்போகக் கூடாதே என்று தினமும் தேய்த்தேன். முதுகுக்குக் குறைத்துக்கொண்டு அதற்குத் தேய்த்தேன். ரப்பர் பருத்துச் சக்கரத்தை இறுக்கிப் பிடித்தது. அமுக்கினால் மெத்தென்று உள்ளே போனது. ஆபீஸுக்குப் போகும்போது முதுகுக்கு இதமாக இருந்தது. என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலை வண்டிக்காரர் ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார். குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், கொய்னா மருந்து இல்லை, உங்கள் மனைவி உங்களை வரச் சொன்னார் என்றார். அவர் வண்டி டவுனில் இன்னும் இரண்டு நாள் நிற்க வேண்டியிருந்தது. துரை, அதாவது எங்கள் ஜப்பான்காரன், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அனுப்பினான். நடுவெயிலில் மிதித்தேன். செமாபோக் தாண்டியதும்தான் ஏதோ குறைகிறது என்று தெரிந்தது. டொக் சத்தம் இல்லை. முட்டி கரைந்து மற்ற ரப்பரோடு ஒன்றாகியிருந்தது. ரோட்டில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தது சக்கரம். ஆறாம் கட்டையில், பிசைந்த மாவு கையிலிருந்து விடுபடுகிற மாதிரி ஒரு பக்கமாக நீண்டு கழன்று விழுந்தது.

வெறும் இரும்பு வளையத்தில் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினேன். ஆரக்கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. பிறகு வளையம் மடங்கியது. சைக்கிளை ஒரு மலாய்க்காரர் வீட்டு வாசலில் போட்டுவிட்டு நடந்தேன். நூறு அடிக்கு ஒரு முறை கால் மரத்து, ரோட்டோரம் மல்லாந்து கிடந்தேன். வானத்தைப் பார்த்துக்கொண்டு, என்னையும் என் முதுகையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பொழுது சாய்ந்தபோது ஒரு கட்டை தூரம்கூடப் போயிருக்கவில்லை. அந்த மலாய்க்காரரே தேடி வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்து, மறுநாள் ஒரு மாட்டுவண்டி பிடித்து ஏற்றிவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். காலையிலேயே குழந்தையைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். ஒரு வயது நிரம்ப இரண்டு வாரம் இருந்தது. பல் முளைத்திருந்ததா என்று நான் கேட்கவில்லை.

கழன்ற ரப்பரைத் தோளில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். ஏன் தூக்கிவந்தேன் என்று தெரியாது. அவள் செய்தது, ரோட்டில் விட்டுவர முடியவில்லை. அவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். தோட்டத்தில் பிறந்தவள், அவளுக்குத் தெரியாதா?

"எண்ணெ போட்டீங்களா?"

"நல்லா இருக்கட்டும்னு தினம் போட்டேன்."

எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிக் கரைந்துவிடும் என்பது அவள் அப்பாவுக்கும் தெரியும், வாயைத் திறக்கப்போனார். அவரைப் பார்த்தாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். ரப்பரை மடித்து மூலையில் வைத்தாள். நான் சுவரில் சாய்ந்து கிடந்தேன். என்னை அவள் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெகு நேரம் கழித்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ராத்திரி பூரா தூங்கல அவ. அழுகைக்கும் தெம்பில்ல. அப்புறம் நான் நெஞ்சுல போட்டுக்கிட்டு முதுகுல தட்டுனேன். உங்க சைக்கிளு மாதிரி, டொக்குன்னு ஒண்ணு, கொஞ்சம் விட்டு ஒண்ணு. கண்ணத் தொறந்து வாசலப் பாத்தா. நீங்க வந்துட்டீங்கன்னு நெனச்சிருப்பா. அப்புறந்தான் தூங்குனா."

ஜப்பான்காரன் போனான். வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். டயரும் வந்தது. தவுக்கே குட்டிச் சக்கரத்துக்கு நல்ல டயராக ஒன்று போட்டுக் கொடுத்தார். சத்தமே இல்லாமல் ஓடியது. எங்களுக்கு அப்புறம் இரண்டு பையன்கள் பிறந்தார்கள். அவர்களையும் அவள் தட்டித்தான் தூங்க வைத்தாள், வேகமாக, விடாமல், இடைவெளியே இல்லாமல்.