தவிலுக்குப் பதில் சொன்ன கணினி

கணக்குப் போட்டு இசை அமைக்கிறது என்ரை தொழில். கலியாண வீட்டில ஆரும் கேட்டால் கம்பஸில படிப்பிக்கிறன் எண்டதோட நிப்பாட்டிப் போடுவன். விளக்கப்போய்ச் சோறு ஆறிப்போன அனுபவம் உங்களிலயும் சிலருக்கு இருக்கும்.

நாற்பது பக்கம்

கணிதம், கணினி, இசை மூண்டையும் சேர்த்து ஒரு புதுப் பாடம் தொடங்க வேணுமெண்டு மூண்டு வருசமாக் கடிதம் எழுதினன். அது கிடைக்காட்டி வாழ்நாள் முழுக்க கீபோட் வகுப்புத்தான். கடைசியாக் கம்பஸ் பீடாதிபதி, எங்கடை டீன், கூப்பிட்டார். என்ரை நாற்பது பக்க அறிக்கையைத் திறக்காமலே ஓரமா வைச்சார். "மேடையில வாசிச்சுக் காட்டுங்கோ பிள்ளை. சபை தலையாட்டினால் நான் கையெழுத்து வைக்கிறன்."

இருநூறு கோர்வை

என்ரை கணினியோட மேடையேறச் சம்மதிச்ச ஒரே தவில்காரர் அளவெட்டித் தவம் அண்ணை. தனி வாசிப்பை முடிக்கிற கோர்வை மூண்டு தரம் வந்து, தாளத்தின்ரை முதலடியில சரியா விழவேணும். நான் எழுதின கணினி நிரல் ஒரு நிமிசத்தில இருநூறு கோர்வை கட்டிச்சுது. அண்ணை கண்ணை மூடி, தொடையில தாளம் போட்டபடி ஒரு மணித்தியாலம் கேட்டார். ஒண்டும் பிசகேல்லை. எனக்கெண்டால் தலைகால் தெரியேல்லை.

அண்ணை மெல்ல எழும்பினார். "எல்லாம் சரி தங்கச்சி. மூச்சுவிட எங்கையாவது இடம் விட்டிருக்கலாம்."

பாண்காரர்

கோவத்தோட இணுவிலில இருக்கிற வீட்டுக்கு வந்தன். ஆனால் மனுசன் சொன்னது உண்மை. நிரலை மாத்தினன்: தவில் ரெண்டு தட்டுக்கு ஓய்ஞ்சால், கணினி தவில் சத்தத்திலயே ஒரு கோர்வையாலை பதில் சொல்லவேணும். சோதிச்சுப் பாப்பமெண்டு மைக்கை யன்னலடியில வைச்ச நேரம், பேக்கரிப் பாண் விக்கிற ஓட்டோ ஸ்பீக்கர்ப் பாட்டோட வந்திச்சுது. பாட்டு ஓய்ஞ்ச இடமெல்லாம் கணினி பொழிஞ்சு தள்ளிச்சுது. எனக்கு ஒரே புளுகம், துள்ளிக் குதிக்காத குறை.

பாண்காரர் கேற்றடியில வந்து நிண்டார். "அக்கா, தவில் நல்லாத்தான் இருக்கு. ஆனால் என்ரை பாட்டுக் கேட்காட்டி பாண் விக்காது, கொஞ்சம் மெல்லமா அடிக்கச் சொல்லுங்கோ."

மேடை

மைக்கைத் தவிலிலேயே பூட்டினன். மருதனார்மடத்தில மண்டபம் நிறைஞ்ச சனம், முன்வரிசையில பீடாதிபதி. அண்ணை வெளுத்து வாங்கினார். தனி வாசிப்பின்ரை நடுவில, அவர் விரலில மாட்டி அடிக்கிற கூடு ஒண்டு கழண்டு பறந்து, பீடாதிபதியின்ரை காலடியில விழுந்திச்சுது. அண்ணை கையை எடுத்திட்டு மடியில வேற கூடு தேடினார். கணினிக்கு என்ன தெரியும்? ரெண்டு தட்டு ஓய்ஞ்சிட்டுது, அது தன்பாட்டில கோர்வையைத் தொடங்கீட்டுது. போச்சு, கீபோட் வகுப்புத்தான் எண்டு நினைச்சன்.

கோர்வை முதல்தரம் தனியப் போச்சு. ரெண்டாந்தரம் அண்ணை கூட்டைப் போட்டுக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். மூண்டாந்தரம் அவரும் சேர்ந்து வாசிச்சு, ரெண்டுபேரும் தாளத்தின்ரை முதலடியில ஒண்டா விழுந்தினம். மண்டபம் எழும்பி நிண்டு கை தட்டிச்சுது. எனக்குக் கண் கலங்கீட்டுது.

பீடாதிபதி கூட்டைக் கையில ஏந்திக்கொண்டு மேடைக்கு வந்தார். "பாடத்தைத் தொடங்குங்கோ பிள்ளை. எல்லாத்தையும் விட, இந்தக் கூடு எந்தத் தட்டில விழவேணும் எண்டு போட்டீங்களே ஒரு கணக்கு, அதுதான் கணக்கு."

நான் கட்டின இருநூறு கோர்வைக்குக் கிடைக்காத கையெழுத்தை, நான் போடாத ஒரு கணக்கு வாங்கித் தந்திட்டுது. தந்தால் தரட்டும், பாடம் என்ரை.