எட்டாவது வரிசை

புள்ளியியல் படிக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. வணிகவியலுக்குத்தான் விண்ணப்பம் போட்டேன். அங்கே இடம் நிரம்பிவிட்டது. கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல நெறைய எடம் கெடக்கும்மா, எந்தப் பெஞ்சுல வேணும்னாலும் ஒக்காரலாம்" என்றார். பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்ததுபோல அப்பா உடனே தலையாட்டிவிட்டார். உத்தமபாளையம் பக்கத்தில் கல்லூரி, வீட்டிலிருந்து ஒரே பேருந்து. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "அரியருன்னு ஒன்னு விழுந்துச்சு, மறுநாளே அத்தையோட தையக் கடைதான் தாயி." அத்தை தேவாரத்தில் ரவிக்கை தைக்கிறார். எனக்கு ஊசியில் நூல் கோக்க வராது. அத்தையோடு அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் இருக்கவும் வராது. முதல் உள்தேர்வில் நான் வாங்கிய மதிப்பெண்ணை மட்டும் அத்தை பார்த்திருந்தால் அன்றைக்கே எனக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டிருப்பார்.

பாடம் எடுத்த மேடம் திருவாரூர்ப் பக்கத்துக்காரர். அந்த வருடம்தான் இங்கே வேலைக்கு வந்திருந்தார். ஒருநாள் சமவாய்ப்பு மாதிரி என்று பலகையில் எழுதினார். நல்லது கெட்டது பார்க்காமல், எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வாய்ப்புக் கொடுத்து, அதிலிருந்து கொஞ்சத்தை எடுப்பது. சொல்லும்போது எளிதாகத்தான் இருந்தது. "ஆயிரத்துக்குள்ள மனசுல தோணுற நம்பரையெல்லாம் யோசிக்காம எழுதுங்க, பார்ப்போம்" என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார்.

எழுதிக் கொடுத்தோம். எந்த இலக்கம் எத்தனை முறை வந்திருக்கிறது என்று அவர் பலகையில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். ஒன்றுக்கு நேராக வேலி அடைத்ததுபோல் கோடுகள். பாதித் தாள்கள் முடிந்தபோதும் எட்டுக்கு நேராக வெறும் பலகை.

"எட்டு எங்கே போச்சு?" என்றார்.

கடைசியில் பின்பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான். "குச்சனூரு பக்கத்துலதான் இருக்கு மேடம். எதுக்கு வம்பு?"

குச்சனூரில் சனீஸ்வரன் கோயில் இருப்பதும் எட்டு அவருடைய எண் என்பதும் மேடத்துக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் ஒரு வகுப்பே அதை ஒதுக்கி வைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "யோசிக்காம எழுதுங்கன்னுதானே சொன்னேன்?" என்று கேட்டார்.

"யோசிக்கவே இல்ல மேடம், தானா வந்துச்சு."

மீதித் தாள்களில், கம்பத்திலிருந்து வரும் தோழியின் தாளில் மட்டும் எட்டு தாராளமாக இருந்தது. மேடத்தின் முகம் மலர்ந்தது. கிட்டே வைத்துப் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை 786. "நல்ல நம்பர் மேடம், எங்க கடை போர்டுலகூடப் போட்டிருக்கோம்" என்றாள் அவள். ராயப்பன்பட்டிப் பையன் ஆறை விட்டுவிட்டான். மூன்று ஆறு சேர்ந்தால் சாத்தானுடைய எண் ஆகிவிடுமாம். நான் எழுதியவை 11, 51, 101, 501. கல்யாண வீட்டில் மொய் எழுதும் கை அது. மேடம் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். "சரி, உங்க மனசை நம்ப வேண்டாம். புத்தகத்தோட கடைசிப் பக்கத்தை எடுங்க" என்றார்.

அந்தப் பக்கத்தில்தான் சமவாய்ப்பு எண் அட்டவணை இருந்தது. மேலிருந்து கீழ்வரை எண்கள். எதற்கும் ஒரு காரணம் கிடையாது, யாருக்கும் பயம் கிடையாது. எட்டும் எட்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. எனக்கு அந்தப் பக்கம் பிடித்துப்போனது. எங்கள் வீட்டில் காரணம் இல்லாமல் எதுவுமே நடக்காது. மோட்டார் எரிந்தால் கிரகம், பால் திரிந்தால் கண்திருஷ்டி, எனக்கு மதிப்பெண் குறைந்தால் பக்கத்து வீட்டுக்காரியின் பெருமூச்சு. சும்மாவே ஒன்று நடக்கலாம், அதற்கும் ஒரு கணக்கு உண்டு என்று எனக்குச் சொன்ன முதல் பக்கம் அதுதான். தையற்கடைக்குப் பயந்து படித்துக்கொண்டிருந்தவள் அதற்குப்பிறகு ஆசைப்பட்டுப் படிக்க ஆரம்பித்தேன்.

பருவ இறுதியில் ஒரு செயல்திட்டம் கொடுத்தார்கள். அவரவர் வீட்டுத் தொழிலில் ஒரு மாதிரி எடுக்க வேண்டும். அதை ஒப்படைக்காவிட்டால் தேர்வு எழுத முடியாது. எங்களுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. அட்டவணை காட்டும் வரிசையில், அட்டவணை காட்டும் கல்தூணுக்குப் பக்கத்துக் குலையை எடைபோட வேண்டும். முதல் வரிசை எண்ணே எட்டு.

எங்கள் தோட்டத்தில் வரிசைக்கு வரிசை முதல் தூணில் பெயிண்டால் எண் எழுதியிருக்கும். ஏழு இருந்தது. அடுத்தது 7அ. அதற்கடுத்தது ஒன்பது.

"அந்த நம்பரு நம்ம தோட்டத்துல கெடையாதே தாயி" என்றார் அப்பா.

"ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவுல இருக்குறது என்னப்பா?"

"அது ஏழுக்கு அடுத்தது."

அப்பாவுக்கு அப்போது அஷ்டமத்துச் சனி நடந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை தவறாமல் குச்சனூர் போய் எள் விளக்குப் போட்டுவிட்டு வருவார். அந்த எண்ணை அவர் வாயால் சொல்லி நாங்கள் கேட்டே வெகுநாளாகியிருந்தது. போதாக்குறைக்கு அந்த வருடம் தப்பான நேரத்தில் மழை பெய்து கொடியில் இலையையும் குலையையும் காய வைக்கும் செவட்டை நோய் இறங்கியது. அது ஆரம்பித்ததும் 7அ-வில்தான். அதன்பிறகு அப்பா அந்த வரிசைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"காலேஜுக்குக் கொண்டுபோறத நல்லதாப் பாத்துக் கொண்டுபோக வேணாமா? நோயடிச்ச கொலையக் காட்டுனா, இந்தப் புள்ள வீட்டுத் தோட்டம் இம்புட்டுத்தானான்னு நெனைக்க மாட்டாகளா?" என்றார்.

சமவாய்ப்பை விளக்கினேன். அம்மாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "சாமிகிட்ட சீட்டுக் குலுக்கிப் போடுறதுதான?" என்று கேட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்று மாதமாக எனக்குப் புரியாததை அவள் அடுப்படியில் நின்றபடி சொல்லிவிட்டாள். வரிசைகளைச் சீட்டில் எழுதி சாமி படத்துக்கு முன் போட்டு அம்மா கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். 7அ. "சாமி இன்னும் கவனிக்கல, மறுபடி எடு" என்றார் அப்பா. நல்ல வரிசை வரும்வரை சாமியிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

அட்டவணைப்படி தேர்ந்தெடுத்த குலைகளில் சிவப்பு நூல் கட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் பேருந்துக்கு நேரமாகிவிட்டதால், எந்த வரிசை என்று பார்க்காமல் நூல் இருந்த குலைகளை வெட்டி எடைபோட்டு எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். மேடம் ஒரு பார்வைதான் பார்த்தார். "கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க நோய்னு பேப்பர்ல போடுறான். உங்க தோட்டத்துல மட்டும் எல்லாக் குலையும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கே?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்து கேட்டேன். அப்பா மறைக்கவில்லை. "கொலையெல்லாம் அங்கன அங்கனதான் தாயி இருக்கு. நூலத்தான் கொஞ்சம் மாத்திக் கட்டுனேன்" என்றார். நான் அழுதுவிட்டேன். நான் எதற்கு அழுகிறேன் என்று அவர் நிஜமாகவே புரியாமல் நின்றார். எனக்கு நல்லது செய்துவிட்டதாகத்தான் அவர் நினைத்திருந்தார்.

மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன். இந்த வகைப் பிழைக்குப் புத்தகத்தில் பெயரே இல்லை என்றார். பிறகு, தானே வந்து பக்கத்தில் நின்று எடைபோட வைப்பதாகச் சொன்னார். அவருக்கு விடுமுறை சனிக்கிழமைதான்.

சனிக்கிழமை அப்பா விடியுமுன்பே குச்சனூர் போய்த் திரும்பி வெள்ளைச் சட்டையில் காத்திருந்தார். பந்தலுக்குக் கீழே மேடத்துக்கு நாற்காலி. அது தோட்டத்திலேயே நல்ல வரிசையைப் பார்த்தும் 7அ-வுக்கு முதுகு காட்டியும் போடப்பட்டிருந்தது. கையில் இளநீரைக் கொடுத்து, "இங்கனயே ஒக்காந்து எடுத்துக்கங்க மேடம், எல்லாம் ஒரே கொடிதான்" என்றார்.

மேடம் இளநீரைக் குடித்தார், நாற்காலியைத் திருப்பிப் போட்டார். வேலை தொடங்கியது. அப்பா வெட்டித் தருவார், நான் எலக்ட்ரானிக் தராசில் வைப்பேன், மேடம் சரிபார்ப்பார். முதல் குலையை நீட்டி, "லாபம்" என்றார் அப்பா. மேடம் என்னைப் பார்த்தார். "ஒன்னுன்னு சொல்ல மாட்டாக மேடம், எண்ணுறப்ப மொதல்ல லாபம்தான்" என்றேன். அவர் அதற்குள் எங்கள் ஊருக்குப் பழகியிருந்தார். எடையைச் சரிபார்த்தார்.

அப்பா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததில் மற்ற வரிசைகள் முதலில் முடிந்தன. "இப்போ எட்டாவது வரிசை" என்றார் மேடம்.

அப்பா மலையைப் பார்த்தார். "அப்படி ஒன்னு நம்மகிட்ட இல்லைங்களே" என்றார்.

மேடம் தூண்களைப் பார்த்தார், 7அ-வைப் பார்த்தார். கோபப்படவில்லை, அலுத்துப்போய்க் கையிலிருந்த நோட்டை மூடினார். "அந்த வரிசையை விட்டுட்டா இது செல்லாதுங்க. உங்க பொண்ணு இந்தப் பேப்பரை அடுத்த வருஷம்தான் எழுதணும்."

"அப்ப அரியரா மேடம்?"

"ஆமா."

அப்பா என்னைப் பார்த்தார். தையற்கடை என்று சொன்னது அவர் வாய்தான். அவர் சொன்னால் சொன்னதுதான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"எனக்கு இந்தப் படிப்பு வேணும்பா" என்றேன். அதுவரை நான் அதை யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா கத்தரியை எடுத்துக்கொண்டு குனிந்து பந்தலுக்குள் போனார். வர நேரமானது. வந்தபோது கையில் ஒரு குலை. பாதி காய்ந்து, மீதி வெடித்து, ஒரு குளவி அதை விடாமல் சுற்றிக்கொண்டே கூட வந்தது. குச்சனூர் இருக்கும் திசையைப் பார்த்து நின்று, வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னார்.

"என்ன சொன்னீங்க? காதுல விழலை" என்றார் மேடம்.

அப்பா குலையைத் தூக்கிக் காட்டினார். "எட்டு மேடம். எட்டாவது வரிசை."

பந்தல் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கை ஒன்று அந்த நேரம் பார்த்துக் கத்தியது. அப்பாவின் முகம் வெளுத்துப்போனது. ஆனாலும் பின்வாங்கவில்லை. குலையைத் தராசில் வைத்துவிட்டு என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

திரையில் வந்த எடை அந்தக் குலைக்கு அதிகமாகத் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். அப்பாவின் கட்டைவிரல் தராசின் ஓரத்தில் இருந்தது.

"அப்பா, கை."

அவர் மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார். எண் இறங்கிக்கொண்டே வந்து நின்றது. நான் அதை எழுதினேன்.