தட்டில் வைத்த சான்றிதழ்

மருந்து வேதியியலில் முதுகலை படிக்கிறேன் என்று சொன்னால் கீரனூரில் யாரும் அது என்ன படிப்பு என்று கேட்கமாட்டார்கள். நேராக யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். "மெடிக்கல் எங்கிட்டு வைக்கப் போற? பஸ் ஸ்டாண்டு பக்கமா வையி, நல்லா ஓடும்." அப்பாவின் மாவு மில்லுக்கு அரிசி அரைக்க வருகிறவர்கள்கூட மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தி இதைச் சொல்லிவிட்டுப் போவார்கள். நான் மருந்து விற்கப் படிக்கவில்லை, மருந்தாகக்கூடிய பொருளை உண்டாக்கப் படிக்கிறேன் என்று முதலில் பொறுமையாக விளக்கினேன். பிறகு எனக்கே அலுத்துவிட்டது. "ஆமாங்க, வச்சுருவோம்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

திருச்சிப் பக்கம் இருந்த கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில்தான் போய் வந்தேன். முதல் வருடம் எழுத்தும் தேர்வுமாக ஓடிவிட்டது. இரண்டாம் வருடம் முழுக்க ஆய்வுக்கூடம். வலிக்கும் வீக்கத்துக்கும் உதவக்கூடும் என்று கணினியில் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஒரு சேர்மத்தை, அதுவரை யாரும் செய்திராத ஒன்றை, நான் கையால் செய்து காட்டவேண்டும். காகிதத்தில் அது அழகாக இருந்தது. அம்புக்குறி போட்டால் ஒரு பொருள் இன்னொரு பொருளாகிவிடும். குடுவையில் போட்டுக் கொதிக்கவைத்தால் ஒவ்வொரு முறையும் அடியில் பழுப்பாக, பிசுபிசுவென்று, தார் மாதிரி ஒன்றுதான் வந்தது. அதைக் கழுவிக் கழுவியே என் விரல் நகங்கள் மஞ்சளாகிவிட்டன. புகையை வெளியே இழுக்கவேண்டிய விசிறி பாதி நாள் ஓடாது. வீட்டுக்கு வந்தால் அம்மா, "குளிச்சிட்டு உள்ள வா, மண்ணெண்ணெய் நாத்தம் அடிக்குது" என்பாள். அது மண்ணெண்ணெய் இல்லை, ஆனால் அவள் மூக்கைக் குறை சொல்ல முடியாது.

கரைப்பானை மாற்றி, சூட்டைக் குறைத்து, எதிர்பார்ப்பையே விட்டுவிட்ட ஒரு நாளில், குளிரவைத்த குடுவையின் சுவரில் வெள்ளையாக ஊசி ஊசியாகப் படிகம் கட்டியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. உருகுநிலை பார்த்தேன், ஒரே இடத்தில் சட்டென்று உருகியது. கலப்பில்லாத பொருள். செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து அம்மாவிடம் காட்டினேன்.

"கல்கண்டு மாதிரி இருக்கு. இதத் தின்னா என்ன நோவு போகும்?"

"தெரியாதும்மா. இன்னும் எலியே திங்கல."

"எலி திங்காததுக்கா இம்புட்டு நாள் பஸ்ஸுல போயிட்டு வந்த?"

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் அந்தக் கேள்வி அவளிடம் மட்டும் இல்லை என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

படிப்பு முடியும் நேரத்தில் எங்கள் வகுப்பு பல பக்கமாகச் சிதறத் தொடங்கியது. ஒருத்தி சென்னையில், மருந்து சாப்பிட்டு யாருக்கு என்ன பக்கவிளைவு வந்தது என்று நாள் முழுக்கக் கணினியில் படித்துத் தொகுக்கும் வேலைக்குப் போனாள். ஒருவன் மாத்திரைக் கம்பெனியில் தரம் சோதிக்கிற பிரிவுக்குப் போனான். இன்னொருவன் மருந்து ஆய்வாளர் தேர்வுக்கு உட்கார்ந்து படித்தான். பாடம் நடத்தப் போனவர்களும் உண்டு. எனக்கு ஹைதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை கிடைத்தது. ஆய்வுக்கூடத்தில் கைப்பிடி அளவு செய்கிற ஒரு பொருளைத் தொழிற்சாலையில் அண்டா அண்டாவாகச் செய்வதற்கு வழி கண்டுபிடிக்கிற வேலை. நான் ஒரு வருடமாகக் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே செய்ததற்கு ஒருவர் சம்பளம் தருவார் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. சேரவேண்டிய தேதி ஆடி மாதம் முதல் வாரத்தில் விழுந்தது.

"ஆடியில எவனாச்சும் புதுசா ஒண்ணத் தொடங்குவானா?" என்றார் அப்பா.

"கம்பெனிக்காரனுக்கு ஆடி தெரியாதுப்பா."

ஆனால் அவருடைய தயக்கத்துக்குக் காரணம் ஆடி இல்லை. அவர் மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஆனி மாதத்தில்தான் புதுக்கோட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தமாக மருந்துக்கடைகள். மணமேல்குடியில் புதிதாக ஒன்று திறக்கப் போகிறார்கள். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அப்பா வெள்ளைச் சட்டையும் சிரித்த முகமுமாக உட்கார்ந்து, காபியைக் கீழே வைப்பதற்கு முன்பே சொன்னார்.

"நகை நட்டு எதுவும் வேணாங்க. எங்களுக்குப் பொண்ணு போதும். பார்மசிஸ்ட்டா ரிஜிஸ்டர் பண்ணியாச்சுல்ல?"

இளங்கலை முடித்ததுமே பதிவு செய்து சான்றிதழ் வாங்கியாயிற்று என்று அப்பா பெருமையாகச் சொன்னார். அந்தச் சான்றிதழ் இல்லாமல் மருந்துக்கடைக்கு உரிமம் கிடைக்காது. நகை வேண்டாம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அம்மாவின் முகம் எப்படி மலர்ந்தது என்பதை நான் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"எம்.பார்மும் முடிச்சிருக்கு" என்றார் அப்பா, விடாமல்.

"அது நல்லதுதான். ஆனா கடைக்கு அது தேவப்படாதுங்க. டிப்ளமாவே போதும்" என்றார் அவர், ஆறுதல் சொல்கிற குரலில்.

தார் கழுவிய ஒரு வருடத்தை ஒரு மனிதர் காபி குடித்துக்கொண்டே ஊதித் தள்ளிவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. என்றாலும் பெண் பார்க்கும் இடத்தில் பெண் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, அதனால் கேசரித் தட்டை எடுத்து நீட்டினேன்.

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை போனில் பேசினார். நல்ல மரியாதையான ஆள். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது, திட்டுவதற்கு ஒரு பிடி கிடைக்கவில்லை.

"நீங்க கடைக்கெல்லாம் வரவே வேணாங்க. சர்டிபிகேட் சுவத்துல மாட்டியிருந்தா போதும். இன்ஸ்பெக்ஷன் வர்ற அன்னைக்கு மட்டும் போன் பண்ணுவோம், வந்து உக்காந்தீங்கன்னா சரி."

"மத்த நாள்ல மருந்து யாரு எடுத்துக் குடுப்பா?"

"நம்ம ஆளுங்க இருக்காங்கல்ல. பழகினவங்க."

"எனக்கு ஹைதராபாத்ல வேலை கிடைச்சிருக்கு. ஒரு வருஷமாவது போயிட்டு வாரேனே?"

"அப்ப இன்ஸ்பெக்ஷனுக்கு எப்புடிங்க வருவீங்க?" என்று கேட்டார். குரலில் கிண்டல் இல்லை. உண்மையாகவே அந்தச் சிக்கலைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. சட்டப்படி பார்மசிஸ்ட் கடையில் இருந்தால்தான் மருந்து கொடுக்கலாம். எங்கள் பக்கம் பாதிக் கடைகளில் அவர் சுவரில் மட்டும் இருப்பார் என்பது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். தூக்க மாத்திரை, வலி மாத்திரை என்று டாக்டர் சீட்டில்லாமல் போகிற ஒவ்வொன்றும் அந்தச் சுவரில் இருப்பவரின் பெயரில்தான் போகிறது. அந்தப் பெயர் இனி என் பெயர். நானோ கூப்பிட்டால் வந்து உட்காரும் தூரத்திலேயே காலம் முழுக்க இருக்கவேண்டும். அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "ஊரே அப்புடித்தான் நடத்துது, ஒனக்கு மட்டும் என்ன?" என்றார். அம்மாவிடம் சொன்னேன். "நகை கேக்காத எடம்டி" என்றாள்.

ஆனி முடிவதற்குள் நிச்சயம், ஆவணியில் கல்யாணம் என்று நாள் குறித்துவிட்டார்கள். நிச்சயத்தன்று வீட்டில் கால் வைக்க இடமில்லை. தட்டு மாற்றுகிற நேரம் வந்தது. எங்கள் தட்டை அப்பா இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தார். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், மல்லிகைப்பூ. அதற்கெல்லாம் மேலே, பட்டுத்துணி விரித்து, என் சான்றிதழ். மூலையில் குங்குமம் வைத்திருந்தார்கள். அதில் ஒட்டியிருந்த போட்டோவிலிருந்து என் முகம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதைத் தட்டில் வைக்கப் போவதாக எனக்கு யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அப்பா தட்டைத் தொடக் கை நீட்டியபோது என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மாமா, அது எங்க போகுதோ அங்க நானும் இருப்பேன். கடை தெறந்ததுலருந்து மூடுற வரைக்கும் கவுண்டர்ல நிப்பேன். டாக்டர் சீட்டு இல்லாம ஒரு மாத்திரை வெளிய போக விடமாட்டேன். சம்மதம்னா எடுத்துக்கங்க."

மாப்பிள்ளையின் அம்மாவுக்குத்தான் முதலில் குரல் வந்தது. "எங்க வீட்டு மருமக கடையில நின்னு யாவாரம் பாக்குறதா?"

மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார். "சீட்டு பாத்துக் குடுத்தா கடைய ரெண்டே மாசத்துல மூடிரலாம்மா." சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. நான் விளையாடவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. நீட்டிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை தலையைத் தூக்கவே இல்லை. மாப்பிள்ளையின் அப்பா எழுந்து என் அப்பாவிடம், "இன்னொரு நல்ல நாளாப் பாத்து வாரோங்க" என்று மரியாதையாகச் சொன்னார். இன்னொரு நல்ல நாள் வராது என்று அங்கிருந்த குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்தது. பந்திக்குப் போட்ட இலைகள் போட்டபடியே கிடந்தன.

அவர்கள் வேன் கிளம்பியதும் வீட்டுக்குள் நடந்ததை நான் முழுதாக எழுதப் போவதில்லை. அம்மா மூலையில் உட்கார்ந்து அழுதாள். அப்பா, "சபையில என் மூஞ்சியில கரியப் பூசிட்டீல்ல" என்றார். நான், "நீங்க என்னயத் தட்டுல வச்சு வித்துட்டீங்கப்பா" என்றேன். அவர் மில்லுக்குப் போய்விட்டார். அன்று அரைக்க யாரும் வரவில்லை, ஆனாலும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் வீடுவரை கேட்டது.

அதன் பிறகு அவர் என்னோடு பேசவே இல்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. போ என்று சொல்லாத ஒருவர் முன்னால் பெட்டி கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லா அசல் சான்றிதழ்களையும் எடுத்து அடுக்கினேன். அந்த ஒன்றை மட்டும் காணோம். கேட்பதற்குள் அப்பாவே பீரோவைத் திறந்து எடுத்து வந்தார். குங்குமத்தை ஈரத்துணியால் துடைத்திருக்கிறார். அது போகாமல் பரவி, போட்டோவில் என் கன்னம்வரை சிவப்பாக ஏறியிருந்தது.

"தொடச்சுப் பாத்தேன். போகல" என்றார். நிச்சயத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

நான் வாங்கிக்கொண்டேன். அவர் நகரவில்லை.

"நகை போடுறவன் தட்டுல நகைய வைப்பான். இந்த வீட்டுல இருக்குறதுலயே பெருசு இதுதான்னு நெனச்சு வச்சேன். ஒன்ன விக்க வைக்கல."

அந்தத் தட்டு மறுபடி என் முன்னால் வந்தாலும் அதையேதான் சொல்வேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அப்போது என்னால் முடியவில்லை. காலையில் அம்மா மட்டும் பஸ் ஏற்றிவிட வந்தாள்.

ஹைதராபாத்தில் சேர்ந்த அன்று அலுவலகத்தில் ஒரு பெண் என் அசல்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, இளங்கலை, முதுகலை. அந்தச் சான்றிதழ் வந்ததும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தனியே எடுத்துத் திருப்பித் தந்தாள். இது மருந்துக்கடையில் நிற்பவர்களுக்கு, இங்கே தேவையில்லை என்றாள். கறையை அவள் கவனிக்கக்கூட இல்லை.

மதியம் அம்மாவின் எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது அப்பா. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"சர்டிபிகேட்டப் பாத்தாங்களா?"

"பாத்தாங்கப்பா."

"அந்தக் கறையப் பாத்து எதுவும் சொன்னாங்களா? நாந்தான் தொடச்சேன்னு வேணும்னா சொல்லிரு. ஒன் வேலைக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?"

"ஒண்ணும் ஆகாதுப்பா" என்றேன். "நல்லா இருக்குன்னு சொல்லி வாங்கி வச்சுக்கிட்டாங்க."