எட்டாம் கொட்டிலில் எரிந்த விளக்கு

எங்கள் முகாமில் ஒரு தடவைகூடத் தீப்பிடிக்கவில்லை. அதற்குக் காரணமானவர்களில் நானும் ஒருத்தி.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன பின், பள்ளிக்கூட வளவொன்றில் போட்ட தற்காலிகக் கொட்டில்களில் ஒன்றரை ஆண்டு இருந்தோம். பலகைச் சுவர், தகரக் கூரை, வெக்கை தாங்காமல் அதன்மேல் தென்னோலைக் கிடுகு, உள்ளே மறைப்புக்குத் தொங்கவிட்ட தறப்பாள் சீலை. இரண்டு கொட்டில்களுக்கு இடையில் ஒரு ஆள் பக்கவாட்டாகத்தான் போகலாம். மின்சாரம் இல்லை. எல்லா வீட்டிலும் குப்பிலாம்பு. நிவாரணத்துக்கு வந்த தண்ணீர்ப் போத்தல்களிலேயே மண்ணெண்ணெயையும் ஊற்றி வைத்திருந்தார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்று.

வாவிக்கு அக்கரையில் இன்னொரு முகாமில் லாம்பு சரிந்து ஒரு வரிசை முழுதும் எரிந்தது. பத்திரிகைக்குச் செய்தி எழுத நான்தான் போனேன். ஆட்கள் தப்பியிருந்தார்கள். கடல் விட்டுவைத்த அடையாள அட்டைகளும் பிறப்புப் பத்திரங்களும் தப்பவில்லை.

அந்த வாரமே எங்கள் முகாமில் தீத்தடுப்புக் குழு அமைத்தார்கள். எழுதத் தெரிந்தவள் என்று என்னைத் தலைவியாக்கினார்கள். அறிவித்தலை நானே எழுதினேன். சமையல் பொதுக் குசினியில். மண்ணெண்ணெய் வெளியே, மூடிய பீப்பாயில். வரிசையின் இரு முனையிலும் மணல் வாளி. கொட்டிலுக்குள் எந்தக் காரணத்திற்காகவும் நெருப்புக் கூடாது. வெளிச்சத்துக்குத் தொண்டு நிறுவனம் தந்த டோர்ச். ‘எந்தக் காரணத்திற்காகவும்’ என்ற சொற்கள் முதல் பிரதியில் இல்லை. பிறகு சேர்த்தேன். இல்லாவிட்டால் ஆளுக்கொரு காரணத்தோடு வருவார்கள்.

அப்படியும் வந்தார்கள். மூன்றாம் கொட்டிலில் ஒரு பெண் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தியிருந்தாள். அவளுடைய மகன் கடலோடு போனவன். அணைக்கச் சொன்னேன்.

“மாதாவுக்கு டோர்ச் அடிச்சா காட்டுற, தலைவி?” என்று கேட்டுவிட்டு ஊதினாள்.

எட்டாம் கொட்டிலில் என் தங்கை இருந்தாள். அவளுடைய ஆறு வயது மகளின் உடல் கிடைக்கவில்லை. அவள் கணவர் மாமாங்கக் கோயில் தீர்த்தக் கரையில் மகளுக்கு ஈமக்கிரியை செய்தார், அவள் போகவில்லை. யாரோ தூக்கிக்கொண்டுபோய் வளர்க்கிறார்கள் என்று நம்பினாள். படத்துக்கு விளக்கு வைக்கச் சொன்னால், “உசிரோட இரிக்கிற புள்ளைக்கு ஆராவது விளக்கு வைப்பாங்களாக்கா?” என்பாள். வை, வைத்தால்தான் உனக்கு நித்திரை வரும் என்று மாதக்கணக்காகச் சொன்னவள் நான்.

கடல் வந்து ஓராண்டு நிறைந்த அன்று பின்னேரம் வைத்தாள்.

மூன்றாம் கொட்டில் பெண்தான் வந்து சொன்னாள். “எட்டில விளக்கு எரியிது, தலைவி. சொந்தக்காரருக்கு வேற சட்டமெண்டாச் சொல்லுங்க, நாங்களும் சொந்தமாகிறம்.” வரிசையில் சிலர் சிரித்தார்கள்.

போனேன். வகுப்புப் படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கிய மகளின் முகம், அதற்கு முன்னால் ஒரு மண் சிட்டி விளக்கு. காற்றில் தறப்பாள் உப்பி உப்பித் தணிந்தது. சுடருக்கும் அதற்கும் ஒரு சாண் இருக்கும். அந்த ஆபத்து பொய்யல்ல.

“வெளியில கொண்டுபோய் வைப்பம்,” என்றேன்.

“வெளியில காத்து, அக்கா. விளக்கு நிக்காது. இண்டைக்கு மட்டும்.”

வாசலில் நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். குனிந்து ஊதினேன்.

தங்கை அழவில்லை. படத்தை எடுத்துப் பெட்டிக்குள் உடுப்புகளுக்கு நடுவே வைத்தாள். “நல்லதாப் போச்சுக்கா. அவளுக்கு என்னத்துக்கு விளக்கு?” என்றாள். கல்வீடும் ஓட்டுக்கூரையும் கிடைத்த பிறகும் அவள் விளக்கு வைக்கவில்லை. வைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போர் முடிந்த ஆண்டு, பிடித்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் படங்களோடு ஓர் அரச அலுவலக வாசலில் கூடினார்கள். செய்தி எடுக்கப் போன நான் வரிசையின் நடுவில் தங்கையைக் கண்டேன். அதே படம். அவளுக்குப் பக்கத்தில் நின்ற, வெல்லாவெளியிலிருந்து வந்த தாய் கேட்டாள்: “உங்கட புள்ளைய ஆருகா கொண்டுபோன?”

“தெரியாகா,” என்றவள் என்னைக் கண்டுவிட்டாள். “இவ என்ட அக்கா. பேப்பருக்கு எழுதுறவ. சொல்லுங்க, பிழையில்லாம எழுதுவா.”

பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம். ஒவ்வொருத்தியிடமும் கேட்டு எழுதிக்கொண்டு அவளிடம் வந்தேன். மகளின் பெயரைத் தெரியாதவள் போலக் கேட்டேன், சொன்னாள். வயதைக் கேட்டேன்.

“பதினொண்டு.”

பதினொன்று என்று எழுதினேன்.